தங்கலானும் அலிபாபாவும்: தங்க வயலில் மாயத்துக்கு என்ன வேலை?

பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ 2024 ஆகஸ்டு 15 அன்று வெளியானது. அன்று தொடங்கிய இருவகைப் பேச்சு இன்னும் ஓயவில்லை. வேப்பூர் வாழ்க்கையையும் தங்கம் தேடிச் செல்லும் பயணத்தையும் பாராட்டியவர்களே, ஆரத்தி என்னும் மாயப்பெண்ணும் முற்பிறவிக் காட்சிகளும் அடுக்கடுக்காக வந்ததும் ‘புரியவில்லை’ என்று சலித்துக்கொண்டார்கள். விக்ரமின் உழைப்பைப் பலரும் மெச்சினார்கள். வடார்க்காட்டு வழக்கில் அமைந்த உரையாடல் காதில் தெளிவாக விழவில்லை என்று குறைப்பட்டவர்களும் உண்டு. மறுபுறம், ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒரு தொன்மத்தைத் திரையில் கண்டதாகக் கொண்டாடியவர்களுக்கோ அந்த மாயமே படத்தின் உயிர்.

குறைகூறியோரின் வாதத்தை ஒரே கேள்வியாகச் சுருக்கலாம். கோலார் தங்க வயலின் வரலாறே போதிய அளவு வியப்பூட்டுவதாயிருக்க, அதன்மேல் மாயம் எதற்கு? 2018இலும் 2022இலும் வந்த ‘கே.ஜி.எஃப்.’ கன்னடப் படங்கள் இவ்வூரின் பெயரையும் நிலத்தோற்றத்தையும் எடுத்துக்கொண்டு, நராச்சி என்னும் இல்லாத ஊரின் கதையைச் சொல்லிச் சென்றன. ஆகவே ‘தங்கலான்’ மெய்யான வரலாற்றைச் சொல்லும் என்று எதிர்பார்த்தவர்களின் ஏமாற்றம் நியாயமானதே. நானும் முதலில் அந்தப் பக்கமே நின்றேன். ஆனால் ‘வரலாற்றை அப்படியே எடுத்திருக்கலாமே’ என்னும்போது எந்த வரலாற்றைச் சொல்கிறோம் என்று கேட்டுக்கொண்டபின் அவ்வளவு உறுதியாக நிற்க முடியவில்லை.

ஆவணங்கள் சொல்லும் வரலாறு இதுதான். திப்பு வீழ்ந்தபின், 1802இல் மைசூர் நாட்டின் கிழக்கெல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், இப்பகுதி மண்ணில் பொன் கிடைப்பதாகக் கேள்விப்பட்டுப் பரிசு அறிவிக்கிறார். ஊரிகம் கிராமத்தார் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசிப் பொற்றுகளைக் காட்டுகிறார்கள். மாரிக்குப்பத்தில் அவர் பழைய குழிகளைப் பார்க்கிறார். கீழிருந்து கூடைகளில் கல் கைமாறி மேலே வருகிறது; பெண்கள் அதைப் பாறைமேல் இட்டு இடித்துப் பொடியாக்கி நீரில் அலசுகிறார்கள். அவர் குறிப்பு அச்சேறுகிறது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின் மைக்கேல் லவேல் என்னும் அயர்லாந்துக்காரர், நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பிப் பெங்களூரில் தங்கியிருந்த முன்னாள் படைவீரர், அந்தப் பழைய தாளைப் படித்துவிட்டு 1871இல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு சுமார் அறுபது மைல் பயணப்பட்டுக் கோலாருக்கு வருகிறார். 1875இல் உரிமம் பெறுகிறார். போதிய முதல் இல்லாமையால் உரிமை கைமாறுகிறது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்து சேர்கிறார்கள்.

பழந்தாள் ஒன்றைப் படித்துவிட்டு ஒருவர் மாட்டுவண்டியில் புதையல் தேடிப் புறப்படுவதை எந்த வரலாற்றாசிரியரும் மாயக்கதை என்று சொல்வதில்லை. அது ‘துணிகர முயற்சி’ ஆகிவிடுகிறது. பெங்களூரில் லவேல் சாலை இருக்கிறது. தங்க வயலிலேயே ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று ஊர்ப்பெயர்களாக நிற்பவர்கள் வெள்ளையர்கள்தாம். மண் அலசிக் காட்டியவர்களின் பெயரில் ஒரு சந்துகூட இல்லை.

இன்னொரு செய்தியும் கவனத்துக்குரியது. டெய்லர் நிறுவனத்தார் முதலில் தோண்டிய இடங்களில் போட்ட பணம் கரைந்துகொண்டே போனது. பங்குதாரர்கள் கைவிட இருந்த வேளையில், மைசூர் சுரங்கத்தில் பழங்காலத்தார் தோண்டிய குழிகளைப் பின்பற்றிக் கீழே சென்றபோதுதான் ‘சாம்பியன்’ எனப் பின்னாளில் பெயர்பெற்ற வளமான பொன்னடுக்கு அகப்பட்டது. அதாவது, முகமறியாத முன்னோர் விட்டுச்சென்ற குழியே வழிகாட்டியது. அவர்கள் யார், எக்காலத்தவர், எந்தக் கருவியால் அவ்வளவு ஆழம் சென்றார்கள் என்பதற்கு ஆவணம் வாய் திறப்பதில்லை. காடையன், ஆரத்தி, முற்பிறவி என்று ‘தங்கலான்’ அடுக்கும் கற்பனை எல்லாம் வந்து நிற்கும் இடம் சரியாக இந்த மௌனம்தான். கோலாரம்மன் கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், படத்தின் பழங்கால மன்னர் காட்சிகள் முழுவதும் ஆகாயத்தில் கட்டியவை என்று தள்ளிவிட முடியாது. (காட்சிகள் தெளிவாக இல்லை என்னும் புகார் வேறு, அதை நான் மறுக்கவில்லை.)

மாயத்துக்கும் பொன்னுக்கும் தமிழ்த் திரையில் பழைய உறவு உண்டு. 1951இல் வந்த ‘பாதாள பைரவி’யில் தோட்டக்காரன் மகன் மந்திரச் சிலையைக் கைப்பற்றி நினைத்த மாத்திரத்தில் மாளிகை எழுப்புகிறான். இவ்வகைப் படங்களில் தமிழர் நினைவில் ஆழமாகத் தங்கியது ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு, டி.ஆர். சுந்தரம் இயக்கம், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தனர். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான இது 1956 பொங்கலுக்கு வெளியாயிற்று. இதைப் பற்றியும் இருவகைக் கருத்து இன்றுவரை உண்டு. குடும்பத்தோடு, குழந்தைகளோடு எத்தனை முறையும் அலுக்காமல் பார்க்கத்தக்க படம் என்பது ஒன்று. 1952இலேயே ‘பராசக்தி’ வந்துவிட்ட நாட்டில், இந்தியில் வந்த அரபுக் கதையை மறுபடி எடுத்துக் குகையும் மந்திரச் சொல்லும் காட்டியது பின்னடைவு என்பது மற்றொன்று.

அலிபாபா வெளியான அதே 1956ஆம் ஆண்டுதான் தங்க வயலின் தலைவிதியும் மாறியது. நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கோலார் மாவட்டம் மைசூர் மாநிலத்தில் நிலைபெற்றது. அம்மாத இறுதியில் மாநில அரசு சுரங்கங்களைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. பொங்கலுக்குத் திரையில் ஒரு விறகுவெட்டிக்குப் பொற்குகை திறந்தது. ஆண்டு முடிவதற்குள் பூமிக்கடியில் மெய்யாகவே பொன் வெட்டியவர்களின் முதலாளி மாறினார். இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை, வெறும் தற்செயல். ஆனாலும் தங்க வயலை ஆராய்பவனுக்கு இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க இயலவில்லை.

ஏனென்றால் அலிபாபாவின் குகையில் பொன் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. அதை வெட்டியவர் யார் என்ற கேள்விக்கே கதையில் இடமில்லை. திருடர்கள் கொள்ளையடித்தார்கள், நல்லவன் கண்டெடுத்தான். நடுவில் ஒரு மந்திரச் சொல். ‘திறந்திடு சீசேம்’ என்றால் பாறை விலகும். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை அப்படி விலகியதில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம். கை வைக்க முடியாத சூடு. அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்து ஆட்களைப் புதைக்கும் கொடுமை. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அது பொன்னுக்காக வந்த ஒளி. தொழிலாளர் லைன் வீடுகளை எண்ணி வந்ததன்று. பழைய மாயப்படங்களின்மீது வைக்கத்தக்க குறை அவற்றின் மாயத்தில் இல்லை என்று கருதுகிறேன். உழைப்பைக் கண்ணில் காட்டாமல் பொன்னை மட்டும் காட்டியதுதான் குறை. ‘தங்கலான்’ அதே மாயப்பட மரபுக்குள் நின்றுகொண்டு கடப்பாரையையும் காயத்தையும் கல் இடிக்கும் பெண்களையும் உள்ளே கொண்டுவருகிறது. வாரன் கண்ட மாரிக்குப்பத்துப் பெண்கள் இரு நூற்றாண்டு கழித்துத் திரைக்கு வந்தார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

இவ்வளவு சொன்னபின், என் மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். அது பொதுவாகப் பேசப்படும் குறை அன்று.

படத்தின் கதை 1850களில் நிகழ்கிறது. லவேலுக்கு முன்பே கிளெமென்ட் என்னும் கற்பனைத் துரை வந்துவிடுகிறார். கால மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பொன்னைத் தேடிச் சென்றவனே முற்பிறவியில் அதைக் காத்தவன் என்ற இடத்துக்குக் கதை வந்து சேரும்போது, வந்தேறியவர்கள் பூர்வகுடிகளாகிவிடுகிறார்கள். தங்க வயல் தமிழர் பெரும்பாலோர் வடார்க்காட்டிலிருந்தும் சேலம், செங்கற்பட்டுப் பகுதிகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவர்களுள் ஆதிதிராவிடரே மிகுதி. தெலுங்கும் கன்னடமும் வழங்கும் மண்ணில் அவர்கள் உரிமை பேசியது பிறப்பைக் காட்டி அன்று, வேலையைக் காட்டி. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலையை நிறுத்தி, அதைத் திரும்பப்பெறச் செய்தார்கள். 1946 நவம்பர் 4இல் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஆறு பேர் உயிரிழந்தனர். அந்நாள் இங்கே ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது. கர்நாடகச் சட்டமன்றத்துக்கு இந்தியக் குடியரசுக் கட்சியையும் மார்க்சிஸ்டுகளையும் அ.தி.மு.க.வையும் மாறிமாறி அனுப்பிய தொகுதி இது. முற்பிறவி உறவைச் சொல்லி இவ்வுரிமையை நிலைநாட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்ததில்லை.

புத்தர் விஷயத்திலும் அப்படியே. படத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடக்கும் புத்தர் சிலை வருகிறது. இழந்த தொன்மையின் அடையாளமாக அது நிற்கிறது. நல்ல காட்சி. எனினும் தங்க வயலில் பௌத்தம் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த பொருளாக இருந்ததில்லை. 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அக்காலத்திலேயே மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை உருவாயிற்று. எம்.ஒய். முருகேசர் முன்னின்று நடத்தினார். அயோத்திதாசர் 1914இல் மறைந்தபின், நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1920களில் ஜி. அப்பாதுரையார் தங்க வயலிலிருந்தே மீண்டும் கொண்டுவந்தார். சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் எழுத்துகளை நூல்களாக்கியதும் இங்கேதான். சுரங்கத்தில் ஷிஃப்டு முடித்து ஏறிவந்தவர்கள் சந்தா கட்டி இதழ் வாங்கிப் படித்தார்கள், சங்கத்தில் கூடினார்கள், சாதிச் சடங்குகளை விலக்கித் திருமணம் நடத்தினார்கள். இது எந்த ஆரத்தியையும் விட எனக்கு வியப்பளிக்கிறது. இதைத் திரையில் காட்ட ஒரு கண்கட்டும் வேண்டாம். இரவில் லாந்தர் ஒளியில் ‘தமிழன்’ படிக்கும் ஒருவரைக் காட்டினால் போதும்.

ஆகவே ‘மாயம் எதற்கு’ என்று கேட்டவர்களோடும் எனக்கு முழு உடன்பாடில்லை. ‘மாயமே வரலாறு’ என்று கொண்டாடியவர்களோடும் இல்லை. 1802க்கு முன்புள்ள இருட்டுக்குக் கற்பனை வேண்டும், அங்கே வேறு விளக்கில்லை. 1880க்குப் பின்புள்ள தங்க வயலுக்கு ஆவணம் உண்டு, இதழ் உண்டு, வேலைநிறுத்தத் துண்டறிக்கை உண்டு. அந்தப் பகுதி இன்னும் தமிழில் படமாகவில்லை. ‘தங்கலான்’ குடும்பங்கள் வயலுக்கு வந்து சேரும் கதையோடு நின்றுவிடுகிறது. வந்து சேர்ந்தபின் நடந்த நூற்றிருபது ஆண்டு மீதமிருக்கிறது.

அந்த மீதமும் இப்போது மண்குன்றுகளாகக் கிடக்கிறது. 1962இல் நடுவணரசுக்கும் 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்துக்கும் கைமாறிய சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. வேலைக்காக விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புவது இவ்வூர் இளைஞர் பலருக்கு அன்றாடமாயிற்று. பொன் பிரித்தபின் கொட்டிய கழிவுமண்ணைச் ‘சயனைடு மலை’ என்கிறார்கள். காற்றுக்காலத்தில் அதன் தூள் லைன் வீடுகளுக்குள் படியும். படம் வெளியாவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2024 ஜூனில், அக்குன்றுகளில் 13ஐ, ஏறத்தாழ 1,003 ஏக்கரில் பரவியிருப்பவற்றை, மீண்டும் அலசிப் பொன் எடுப்பதற்கான நடுவணரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அந்தக் குன்றுகளின் அடிவாரத்திலும்தான் ‘தங்கலான்’ படமாக்கப்பட்ட தங்க வயல் இருக்கிறது. ஏல அறிவிப்பு வந்தால் அதை லைன் வீடுகளில் இருப்பவர்கள் எந்த மொழியில் படிப்பார்கள், வேலை யாருக்குக் கிடைக்கும் என்பதே இப்போது அங்கே பேச்சு.