படியெடுத்தலில் ஒரு புரட்சி

புதுமை ஒருவர் கையில் பிறந்தாலும், அது உலகின் கையைச் சேரக் காலம் பிடிக்கும். செஸ்டர் கார்ல்சனின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

1906இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் பிறந்த கார்ல்சன், நோயுற்ற பெற்றோரைக் காக்க இளமையிலேயே உழைத்தார். பின்னர் நியூயார்க்கில் காப்புரிமைப் பிரிவொன்றில் பணியாற்றியபோது, பத்திரங்களுக்குப் படியெடுக்கும் தொல்லையை நேரில் கண்டார். எளிய வழியொன்றைத் தேடி நூலகத்தில் நூல் பல பயின்றார்.

1938 அக்டோபர் 22ஆம் நாள், அஸ்டோரியாவில், உதவியாளர் ஓட்டோ கோர்னேயுடன் வெற்றி கண்டார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டினர். நாளும் ஊரும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சினர். ஒளி பட்ட இடத்தில் மின்னூட்டம் நீங்கியது. எழுத்து மறைத்த இடத்தில் தங்கியது. அங்கே ஒட்டிய நுண்பொடி மெழுகுத்தாளில் எழுத்தாய்ப் பதிந்தது.

1942இல் காப்புரிமை கிடைத்தது. ஆயினும் இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதனைப் புறக்கணித்தன. 1944இல் பேட்டல் ஆய்வு நிறுவனம் கைகொடுத்தது. பின்னர் உரிமை பெற்ற ஹாலாய்ட் நிறுவனம் 1959இல் ‘செராக்ஸ் 914’ பொறியை வெளியிட்டது. இடையில் கழிந்தவை 21 ஆண்டுகள்! குவிந்த செல்வத்தின் பெரும்பகுதியை, 1968இல் மறையுமுன் அவர் அறப்பணிகளுக்கே வழங்கினார்.

காப்புரிமை அவர்தம் உரிமையைக் காத்தது. கண்டுபிடிப்பைக் காத்ததோ அவர்தம் மனவுறுதியே. வினாத்தாளை நொடியில் படியெடுக்கும் ஆசிரியரும் மாணவரும் இதனை நினைவிற்கொள்வது நன்று.