காஞ்சிரங்குளத்துச் சாலைகளுக்கு ஒரு ஃபைபர் கூண்டு: சிறு பயண டிரெய்லரும் அதை இழுக்கும் வண்டியும்

1. ஆய்வின் எல்லை

நெய்யாற்றங்கரைத் தாலுகாவின் தென்கோடியில், காஞ்சிரங்குளம், பூவார், பாறசாலை என்று களியக்காவிளை வரை நீளும் ஊர்களில் வாழும் ஒரு குடும்பம், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சிறு வீடு ஒன்றை வாங்கவோ செய்துகொள்ளவோ நினைத்தால் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. 1956 நவம்பர் 1-ஆம் தேதி பக்கத்து விளவங்கோடு தாலுகா இன்றைய தமிழ்நாடான அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. சொந்தபந்தம் மட்டும் பிரியவில்லை. மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் கல்யாணம், கொடை, கோவில் திருவிழா என்று போய் இரவு தங்குவது இங்கே வழக்கம். ஆகவே பயண வீடு என்பது இப்பகுதிக்கு வெறும் உல்லாசப் பொருளல்ல.

கேரள அரசு 2021-இல் அறிவித்த 'கேரவான் கேரளா' திட்டம் இக்கேள்விக்கு நேரடியாகப் பதில் தரவில்லை. அது எஞ்சினோடு கூடிய கேரவான்களை, அதாவது ஏ.ஐ.எஸ்.-124 தரத்துக்கு உட்பட்ட மோட்டார் வண்டிகளை மனத்தில் வைத்தது. குறைந்தது 50 சென்ட் நிலமும் ஐந்து வண்டி நிற்க இடமும் இருந்தால் கேரவான் பார்க் தொடங்கலாம் என்றது. முதல் பார்க் 2022 தொடக்கத்தில் வாகமண்ணில் திறந்தது. பஸ் அளவுள்ள அந்த வண்டிகள் வருடத்தில் பெரும்பகுதி சும்மா கிடந்தாலும் எஞ்சின், வரி, டிரைவர் ஆகியவற்றுக்குச் செலவு நிற்காது. இழுவை வீட்டுக்கு எஞ்சின் கிடையாது. கழற்றிப் புரையிடத்தில் விட்டுவிட்டு அதே காரில் மறுநாள் நெய்யாற்றங்கரைச் சந்தைக்குப் போகலாம்.

2. ஓடு

2.1 பிறப்பு

முழு ஃபைபர் ஓட்டால் ஆன சிறு டிரெய்லருக்கு வழிகாட்டியது கனடாவின் வினிபெக் நகரில் 1968-இல் வெளிவந்த 'போலர்'. அதை உருவாக்கிய ரே ஒலெக்கோ அதற்கு முன் ஃபைபரில் எடை குறைந்த செப்டிக் டாங்க் செய்தவர். மேல்பாதி ஒரு அச்சு, கீழ்பாதி ஒரு அச்சு, இரண்டையும் நடுவில் ஒட்டு: கழிவுத் தொட்டிக்குச் சரிப்பட்டது நான்கு பேர் உறங்கும் கூண்டுக்கும் சரிப்பட்டது. 13 அடி நீளம், ஏறத்தாழ 430 கிலோ எடை. அமெரிக்காவில் 1970-களில் மினசோட்டாவின் 'ஸ்காம்ப்', 1980-களில் டெக்சாஸின் 'காசிட்டா' என்று அந்த வம்சம் வளர்ந்தது. ஐம்பது வயதான போலர்கள் இன்றும் ஓடுகின்றன. மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்த அந்தக் காலத்து டிரெய்லர்களில் பெரும்பாலானவை மூலையில் ஒழுகி, உள்ளே மரம் இற்றுப்போய் அழிந்துவிட்டன. இடவப்பாதியும் துலாவர்ஷமும் மாறி மாறிப் பெய்யும் ஊரில் இந்த வேறுபாடு சிறியதல்ல. மூட்டு எத்தனை குறைவோ ஒழுக்கும் அத்தனை குறைவு.

2.2 கடற்கரையின் கைத்தொழில்

காஞ்சிரங்குளத்திலிருந்து மேற்கே இறங்கினால் புல்லுவிளை, பூவார், விழிஞ்ஞம். ஃபைபர் வள்ளம் இல்லாத கரை இங்கே இல்லை. கட்டுமரத்திலிருந்து ஒட்டுப்பலகைப் படகுக்கும், அதன் மேல் ஃபைபர் பூச்சுக்கும், பிறகு முழு ஃபைபருக்கும் இக்கடற்கரை ஒரே தலைமுறையில் மாறியது. 1980-இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான 'சிஃப்ஸ்' நடத்திய படகுப் பட்டறைகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு.

பட்டறை வேலை பார்க்கத் தகுந்தது. அச்சில் மெழுகு தேய்க்கிறார்கள், ஜெல்கோட் அடிக்கிறார்கள், அது கையில் ஒட்டும் பதத்துக்கு வந்ததும் கண்ணாடி இழை 'மேட்'டை விரித்து, ஹார்ட்னர் கலந்த ரெசினைப் பிரஷ்ஷால் ஒற்றி, இரும்பு உருளையால் காற்றைப் பிதுக்கி வெளியே தள்ளுகிறார்கள். மூக்கைத் துளைக்கும் அந்த நெடியில் நாலு வார்த்தை பேசுவதே பாடு. காய்ந்தபின் மூத்த பணியாள் ஒரு காசால் ஓட்டைத் தட்டிக்கொண்டே நடப்பார். 'டக்' என்றால் சரி. பொத்தென்று கேட்டால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது, அந்த இடத்தை வெட்டி எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். டிரெய்லர் வாங்கப் போகிறவரும் அந்தக் காசைக் கொண்டு போவது நல்லது. ஆடி மாத ஈரத்தில் போட்ட ஓடு சரியாக இறுகாது என்பதையும் இவர்களே சொல்வார்கள். மார்கழி முதல் பங்குனி வரை போட்ட ஓட்டையே கேட்டு வாங்கலாம்.

பழுது பார்ப்பதிலும் இது நமக்கு வசதி. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது இக்கரை வள்ளங்கள் லாரியில் ஏறிச் செங்ஙன்னூருக்குப் போயின. மதிலிலும் கேட்டிலும் இடித்துப் பல உடைந்து திரும்பின. கரையிலேயே மேட்டும் ரெசினும் வைத்து ஒட்டிக் கடலில் இறக்கினார்கள். தகட்டு டிரெய்லருக்கு அந்த வைத்தியம் கிடையாது.

2.3 தடிமன் என்னும் பொறி

ஆனால் வள்ளக்காரர் கையில் அப்படியே ஒப்படைப்பதில் ஆபத்து ஒன்று உண்டு. அலையில் மோதி மணலில் ஏறும் வள்ளத்துக்குத் தடிமன் உயிர்; அதே கை டிரெய்லருக்கும் 'ரெண்டு மேட் கூடப் போடுவோம்' என்று சொல்லும். சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள மேட் ஒன்று, ரெசினோடு சேர்ந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனும் ஒன்றரைக் கிலோ எடையும் தரும். 13 அடி டிரெய்லரில் கொக்கித் தண்டு போக உடல் மட்டும் 10 அடி. அதன் மேற்பரப்பு சுமார் 23 சதுர மீட்டர். அப்படியானால் ஒவ்வொரு மேட்டுக்கும் 35 கிலோ கூடும். மூன்று மேட் ஓடு 105 கிலோ, ஆறு மேட் ஓடு 210 கிலோ. ஓட்டுக்கு உறுதி வளைவில் இருந்து வர வேண்டும், கனத்தில் இருந்தல்ல. போலர் முட்டை வடிவில் இருப்பது அழகுக்காக மட்டும் அல்ல. கதவு, ஜன்னல் ஓரங்களிலும் சட்டத்தோடு போல்ட் போடும் இடங்களிலும் மட்டும் கூடுதல் மேட் போதும்.

வெயில் இன்னொரு பிரச்சினை. மூன்று மில்லிமீட்டர் ஓடு மீனத்து வெயிலைத் தடுக்காது. உள்பக்கம் நீர் ஏறாத மூடிய நுரைத்தாள் ஒட்டாவிட்டால் பகலில் அடுப்பு, வெளியே குளிர்ந்த இரவில் ஓட்டின் உட்புறம் வியர்த்து மெத்தை நனையும்.

3. எடைக் கணக்கு

முதலில் காரைத் தேர்ந்து, பிறகு அதற்கு டிரெய்லர் தேடுவது பொதுப் பழக்கம். அல்லது வசதிகளை எழுதிவைத்து அவற்றைச் சுமக்கும் டிரெய்லர் தேடுவது. இரண்டும் தலைகீழ் என்பது என் கருத்து. முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒரே எண்: சாமான், தண்ணீர், கேஸ் எல்லாம் ஏற்றியபின் டிரெய்லரின் முழு எடை. நம் மோட்டார் வாகன வகைப்பாட்டில் 750 கிலோவுக்கு மேற்படாத டிரெய்லர் 'டி-1' வகை. அதற்கு மேல் மூன்றரை டன் வரை 'டி-2'. இந்த 750-ஐ உச்சவரம்பாக எடுத்துக்கொள்வதில் சட்டக் காரணத்தைவிடச் சாலைக் காரணமே பெரிது. அதைப் பின்னால் பார்ப்போம்.

தோராயக் கணக்கு இப்படி வரும்: ஓடு 105, இரும்புச் சட்டம், அச்சு, சக்கரம் 170, தரைப்பலகை, கட்டில், கதவு, ஜன்னல் 110, நாற்பது லிட்டர் தண்ணீர் 40, பேட்டரி 30, ஐந்து கிலோ கேஸ் சிலிண்டர் கூட்டோடு 13, துணிமணி, பாத்திரம், அரிசி 100. மொத்தம் 568 கிலோ. சிறு ஏ.சி. சேர்த்தால் 600. இன்றைய 13 அடி ஸ்காம்ப், சாமான் ஏற்றாமலே 545 முதல் 680 கிலோ வரை வருகிறது. ஆகவே நம் கணக்கு நடக்கக்கூடியதே. உள்ளே கழிவறை, குளியலறை வேண்டும் என்று 16 அடிக்குத் தாவினால் எடை டன்னைத் தொடும். கோவில் குளமும் உறவினர் வீட்டுக் கிணற்றடியும் உள்ள வழிகளில் அந்தத் தாவல் தேவையில்லை.

இரும்புச் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். வள்ளத்தில் இரும்பு அநேகமாக இல்லை. டிரெய்லரின் அடிப்பாகமோ முழுக்க இரும்பு. பூவார் காற்றில் பெயின்ட் அடித்த சட்டம் உப்பரித்துப்போகும். வெல்டிங் எல்லாம் முடித்து, துளை எல்லாம் போட்டு, பிறகு முழுச் சட்டத்தையும் துத்தநாகத்தில் முக்கி எடுக்க வேண்டும். சக்கரத்துக்கு டாடா ஏஸ் டயர் அளவைப் பிடித்தால் பாதிராத்திரியில் பாறசாலையிலும் மாற்று கிடைக்கும். பட்டைவில்லும் அப்படித்தான், ரப்பர் முறுக்கு அச்சு சொகுசு, ஆனால் உடைந்தால் கொரியருக்குக் காத்திருக்க வேண்டும்.

4. முன்பாரம்

இந்தச் சாலைகளில் பாரம் சமன்பார்க்கும் அறிவு புதிதல்ல. 1893-இல் சமூகச் சீர்திருத்தவாதி அய்யன்காளி வெங்ஙானூரிலிருந்து வில்வண்டி ஓட்டிப் பொதுவழி உரிமையை நிலைநாட்டியது காஞ்சிரங்குளத்துக்குப் பக்கத்து மண்ணில்தான். அந்த வண்டிக்காரர்களுக்குத் தெரிந்தது இதுவே: பின்பாரம் ஏறினால் நுகம் மாட்டின் கழுத்தைத் தூக்கும், முன்பாரம் மிகுந்தால் மாடு படுத்துவிடும். டிரெய்லரிலும் முழு எடையில் பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியில் அமுங்க வேண்டும். 600 கிலோவுக்கு 60 கிலோ. இது குறைந்தால் வேகத்தில் பின்வண்டி வாலாட்டத் தொடங்கும். ஓர் அளவுக்குப் பிறகு அந்த ஆட்டம் காரையே திருப்பிப் போட்டுவிடும். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிப்பதோ வேகத்தைக் கூட்டுவதோ கூடாது. ஸ்டியரிங்கை நேரே பிடித்து, ஆக்சிலேட்டரை மெல்ல விட வேண்டும்.

அளப்பது எளிது. சமதரையில் சக்கரத்துக்குக் கல் வைத்து, டிரெய்லர் கொக்கியின் அடியில் ஒரு மரத்துண்டை நிறுத்தி, அதன் கீழ் உடல் எடை பார்க்கும் மெஷினை வைத்தால் போதும். தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் அச்சுக்கு மேலோ சற்று முன்னாலோ இருக்க வேண்டும். பின்பக்கச் சமையலறையும் பின்னால் தொங்கும் சைக்கிளும் பார்க்க அழகு, ஓட்டத்துக்கு வினை.

கொக்கி உருண்டையின் அளவையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய உருண்டை 50 மி.மீ.; அமெரிக்க இரண்டங்குல உருண்டை 50.8 மி.மீ. கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டையும் கலந்து மாட்டக் கூடாது. பழைய இறக்குமதிச் சாமானில் இந்தக் குழப்பம் நடக்கும். கொக்கியையும் சட்டத்தையும் ஊர் வெல்டரிடம் விடவே கூடாது என்பேன். ஓடு நம் கரையில் செய்யலாம், இணைப்பு சோதிக்கப்பட்ட கம்பெனிச் சாமானாக இருக்க வேண்டும்.

5. இழுக்கும் வண்டி

'எத்தனை எச்.பி.?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டால் அது இரண்டாம் கேள்வி. பத்து விழுக்காடு ஏற்றத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் 600 கிலோ டிரெய்லரை மேலேற்றக் கூடுதலாகத் தேவைப்படுவது ஆறரைக் குதிரைத்திறன் மட்டுமே. இறக்கம் வேறு கதை. 1,400 கிலோ காரும் 600 கிலோ டிரெய்லரும் சேர்ந்து 600 மீட்டர் உயரம் இறங்கினால் பிறக்கும் வெப்பம் மூன்றேகால் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். எஞ்சின் பிடிப்பும் காற்றும் விட்ட மீதியைக் காரின் பிரேக் விழுங்க வேண்டும்; டிரெய்லரால் மட்டும் சுமை நாற்பது விழுக்காட்டுக்கு மேல் ஏறுகிறது. பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தால் பிரேக் இல்லாத டிரெய்லரை யாரும் வாங்க மாட்டார்கள்.

சுசூகி ஜிம்னி இதற்கு நல்ல சாட்சி. குருகிராமில் செய்து ஆஸ்திரேலியாவுக்குப் போகும் ஐந்து கதவு ஜிம்னிக்கு அங்கே அறிவித்திருக்கும் இழுவைத் திறன், பிரேக் உள்ள டிரெய்லருக்கு 1,300 கிலோ. பிரேக் இல்லாததற்கு 350 மட்டும். எஞ்சின் ஒன்றே, பிரேக்கால் வந்த வேறுபாடு இது. மகிந்திரா ஸ்கார்ப்பியோ-என் வண்டிக்கு அங்கே 2,500 கிலோ, பிரேக் இல்லாவிட்டால் 750. இங்கே விற்கும் பல கார்களின் கையேட்டில் இழுவை எண்ணே இருப்பதில்லை. சிலவற்றில் டிரெய்லர் கட்ட வேண்டாம் என்றே எழுதியிருக்கும். வெளிநாட்டு எண்ணை இங்கே உரிமையாகக் கோர முடியாது, வாரன்ட்டியும் போகலாம். ஆகவே வாங்குமுன் எழுத்தில் கேட்டு வாங்குவதே வழி.

ஏணிச்சட்டமும் பின்சக்கர உந்துதலும் உள்ள வண்டிக்கே என் வாக்கு. கொக்கியில் 60 கிலோ அமுங்கும்போது முன்சக்கரம் சற்று இலேசாகும்; முன்சக்கரத்தால் உந்தும் கார் ஈரமான செம்மண் ஏற்றத்தில் சுழலும். இங்கே வீட்டுக்கு வீடு பழகிய பொலேரோ, குதிரைத்திறனில் எளியதானாலும், அமைப்பில் பொருத்தமானது; மெக்கானிக் இல்லாத முக்கு கிடையாது. ஜிம்னியின் குறை அகலத்தில் இருக்கிறது. அது 1.65 மீட்டர், 13 அடி ஸ்காம்ப் 2.03 மீட்டர். இருபுறமும் 19 சென்டிமீட்டர் டிரெய்லர் துருத்தும். கார்க் கண்ணாடியில் பின்னால் ஒன்றும் தெரியாது, நீட்டுக் கண்ணாடி மாட்டியே தீர வேண்டும். ஐம்பது லட்ச ரூபாய் வண்டி வாங்கி 600 கிலோவை இழுப்பது பணக்காரத்தனம். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

6. வழி

முக்கோலையிலிருந்து காரோடு வரை 16 கி.மீ. நீளும் காங்கிரீட் பைபாஸ் வேகத்துக்கு ஆசை காட்டும். வாலாட்டம் தொடங்குவதும் அங்கேதான். எழுபதைத் தாண்டாமல் ஓட்டுவது நலம். பஞ்சாயத்துச் சாலை நேர்மாறு. இருபுறமும் கய்யாலை, மேலே பலாக் கொப்பும் கேபிள் வயரும், எதிரே மீன் வண்டி. வளைவில் டிரெய்லர் காரின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டும். மதில் முனையை அகலமாகச் சுற்ற வேண்டும். சிறு டிரெய்லர் ரிவர்சில் நொடியில் மடங்கும். அதற்கும் எடைதான் மருந்து: 600 கிலோ என்றால் கழற்றி இரண்டு மூன்று பேர் கையாலேயே சமதரையில் தள்ளித் திருப்பலாம். ஒரு டன் என்றால் முடியாது. 750-ஐ உச்சவரம்பாக வைத்ததற்கு முதன்மைக் காரணம் இதுவே.

7. பதிவும் எடைமேடையும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லர் தனியாக வரையறுக்கப்பட்ட வாகனம். அதற்குத் தனிப் பதிவு உண்டு. 61-ஆம் பிரிவின்படி டிரெய்லரின் எண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இழுக்கும் காரின் எண் டிரெய்லரிலும் தெரிய வேண்டும். டிரெய்லர் நெய்யாற்றங்கரைப் பதிவான கே.எல்.-20 காரின் எண்ணைத் தாங்கிப் போகிறது என்று பார்த்தாலே களியக்காவிளைக்கு அப்பால் பாதிக் கேள்வி குறையும். கரையில் ஓடு போட்டு, பட்டறையில் சட்டம் கட்டி, பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்பவருக்குக் காத்திருப்பு நிச்சயம். சோதனைச் சான்று ஏற்கெனவே பெற்ற சட்டத்தையும் இணைப்பையும் வாங்கி, அதன் மேல் ஓட்டை அமர்த்த முடியுமா என்று முதலிலேயே அங்கே விசாரிக்க வேண்டும். இன்சூரன்ஸிலும் டிரெய்லரைத் தனியாகச் சேர்க்கச் சொல்லி எழுதி வாங்க வேண்டும்.

கடைசி வேலை எடைமேடை. எல்லாம் ஏற்றி, தண்ணீர் நிறைத்து, டிரெய்லரை மட்டும் மேடையில் நிறுத்திச் சீட்டு வாங்க வேண்டும். எண் 750-ஐத் தாண்டினால் முதலில் இறக்க வேண்டியது ஏ.சி.; பிறகு தண்ணீர்.