போரும் வானொலிக் கலங்கரையும்: டுப்ரோவ்னிக் விமான நிலையம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விமானப் போக்குவரத்தின் வரலாறு பெரும்பாலும் விமானங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நிலத்தில் நின்று அவற்றை வழிநடத்தும் வானொலிக் கருவிகள் அவ்வரலாற்றில் உரிய இடத்தைப் பெறுவதில்லை. ஆயினும், ஒரு பிரதேச விமான நிலையத்தில் எத்தகைய கருவிகள் இருந்தன, அவை எவ்வாறு இல்லாமற் போயின என்னும் வினாக்கள் அப்பிரதேசத்தின் அரசியல் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையன. குரோஷியாவின் தென்கோடியிலுள்ள டுப்ரோவ்னிக் விமான நிலையத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

முதலில் இருவகைக் கருவிகளின் வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். திசைசாரா வானொலிக் கலங்கரை என்பது தாழ்ந்த அல்லது நடுத்தர அதிர்வெண்ணில் எல்லாத் திசைகளிலும் அலைகளைப் பரப்பும் எளிய பரப்பி. விமானத்திலுள்ள திசைகாண் வாங்கியின் முள் அக்கலங்கரை இருக்கும் பக்கத்தைக் காட்டும். தூரத்தையோ உயரத்தையோ அது சொல்லாது. இடிமின்னலும், மலைகளும், கடற்கரையைக் கடக்கையில் அலைகள் வளைவதும் அதனைப் பிழைபடச் செய்யும். கருவிவழித் தரையிறக்க அமைப்போ ஓடுபாதையின் நேர்க்கோட்டினை ஒரு கற்றையாலும், இறங்க வேண்டிய சரிவினை இன்னொரு கற்றையாலும் விமானிக்கு உணர்த்துவது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் சர்வதேச நியமமாக ஏற்கப்பட்ட இவ்வமைப்பு, முகில் தாழ்ந்த வேளையிலும் தரையிறக்கத்தை இயலச் செய்தது.

1962 இல் சிலிப்பி என்னுமிடத்தில் திறக்கப்பட்ட டுப்ரோவ்னிக் விமான நிலையம், உல்லாசப் பயணத்துறையோடு வளர்ந்ததொன்று. ஒருபுறம் அட்ரியாட்டிக் கடல், மறுபுறம் செங்குத்தான மலைத்தொடர். இத்தகைய நிலவமைப்பிலே துல்லியமான வழிகாட்டல் அத்தியாவசியத் தேவை எனலாம். 1991 ஒக்டோபரில் யூகோஸ்லாவிய மக்கள் இராணுவம் டுப்ரோவ்னிக் பிரதேசத்தின் மீது தாக்குதல் தொடுத்தது. விமான நிலையம் கைப்பற்றப்பட்டுச் சூறையாடப்பட்டது. 1992 ஒக்டோபரில் அப்படைகள் கொனாவ்லே பகுதியை விட்டு விலகியபோது, போருக்கு முன்னிருந்த கருவிவழித் தரையிறக்க அமைப்பு அங்கு இருக்கவில்லை. எஞ்சிய வழி, பழைய கலங்கரைகளை நம்பி இறங்குவதேயாகும்.

இந்நிலையிலேதான் 1996 ஏப்ரல் 3 ஆம் நாள் ஐக்கிய அமெரிக்க விமானப்படையின் சீரி-43 விமானமொன்று அங்கு வந்தது. போயிங் 737 இன் இராணுவ வடிவமான அதில் வர்த்தக அமைச்சர் றொன் பிறவுணும், போருக்குப் பிந்திய புனரமைப்பில் வர்த்தக வாய்ப்புகளை நாடி வந்த வணிக நிறுவனத் தலைவர்களும் இருந்தனர். முகில் தாழ்ந்து மழை பெய்துகொண்டிருந்தது. விமானம் கொலோச்செப் தீவுக் கலங்கரையைக் கடந்து, அதனைப் பின்னே வைத்து 119 பாகைத் திசையிற் செல்ல வேண்டும். சாவ்டாட் கலங்கரையை அடைந்தும் ஓடுபாதை தென்படாவிடின் தரையிறக்கத்தைக் கைவிட்டுத் திரும்ப வேண்டும். இரண்டையும் ஒருங்கே அறிய இரண்டு வாங்கிகள் தேவை. அவ்விமானத்தில் இருந்ததோ ஒன்று மாத்திரமே. ஏறத்தாழ 110 பாகைத் திசையில், அதாவது மலைப்பக்கமாக விலகிச் சென்ற விமானம், திரும்ப வேண்டிய இடத்தையுங் கடந்து, ஓடுபாதைக்கு வடக்கே சுமார் மூன்று கிலோமீற்றர் தொலைவில் மலையில் மோதியது. அதிலிருந்த 35 பேரும் உயிரிழந்தனர்.

இவ்விபத்தை விமானிகளின் தவறென்று கூறி முடித்துவிடுவது எளிது. ஆனால் விமானப்படையின் விசாரணையே மூன்று காரணங்களை ஒருங்கு வைத்தது: கட்டளைப்பீடத்தின் தவறு, விமானிகளின் பிழைகள், தரையிறங்கு நடைமுறை பிழையாக வகுக்கப்பட்டிருந்தமை. அந்நடைமுறை 2,150 அடி வரை இறங்க அனுமதித்தது. சரியாகக் கணித்திருப்பின் அவ்வெல்லை 2,800 அடிக்கு மேல் இருந்திருக்கும். அந்நடைமுறையைப் பயன்படுத்துமுன் மீளாய்வு செய்ய வேண்டுமென்ற விதியும் பேணப்படவில்லை. எனவே, கருவியின்மை தரையில் மட்டுமன்றி வானிலும் இருந்தது. சூறையாடப்பட்ட சிறு நிலையத்தின் வறுமை விளங்கிக்கொள்ளத்தக்கது. உலகின் மிகச் செல்வம் படைத்த படையின் விமானமொன்று இரண்டாவது வாங்கியின்றிப் பறந்ததை அவ்வாறு விளக்க இயலாது.

இங்கு நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்று. போரின் அழிவைக் கணக்கிடுகையில் இடிந்த கட்டடங்களையும் மாண்ட மனிதரையும் எண்ணுகிறோம்; ஓடுபாதையோரத்திலிருந்து அகற்றப்பட்ட பரப்பிகளை எண்ணுவதில்லை. அவற்றின் இன்மை போர் ஓய்ந்த பின்னரும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து தொழிற்படுகிறது. அந்த இன்மையுடனேயே விமானங்கள் அங்கு வந்து போயின. விபத்து நிகழ்ந்த அதே நாளிலும் சில பத்திரமாக இறங்கின. ஓர் அமைச்சரின் மரணமே அதனை உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தது என்பது சிந்திக்கத்தக்கது. வானொலிக் கலங்கரை வெறும் பொறியியற் சாதனமன்று. அது ஒரு சமூகத்தின் பொதுச்சொத்து. அதனை அழிப்பதும் அதனை மீள நிறுவாது காலங்கடத்துவதும் அரசியற் செயல்களே. வரலாற்று மாணவர் அவற்றை அவ்வாறே நோக்குதல் வேண்டும்.