மான்டிசோரியா, ப்ளே வேயா? போர்டைப் பார்க்காதீங்க... உள்ளே போய்ப் பாருங்க!

குழந்தைக்கு இரண்டரை வயது தாண்டியதுமே கேள்வி ஆரம்பித்துவிடும். "எந்த ஸ்கூல்ல போடப் போறீங்க?" மாமியார் கேட்பார், லிஃப்ட்டில் பார்க்கிற பக்கத்து ஃப்ளாட் அக்கா கேட்பார். நீங்களும் போனை எடுத்துத் தேடுவீர்கள். ஒரு ஸ்கூல் 'மான்டிசோரி' என்கும், அடுத்தது 'ப்ளே வே' என்கும், இன்னொன்று 'ரெஜியோ', 'வால்டார்ஃப்' என்று வாயில் நுழையாத பெயரைச் சொல்லும். ஃபீஸைப் பார்த்தால் பெரிய பசங்க காலேஜ் ஃபீஸ் மாதிரி இருக்கும்.

இந்தப் பெயர்களுக்கு உண்மையிலேயே அர்த்தம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஊர், ஒரு மனிதர், குழந்தையைப் பற்றிய ஒரு பார்வை உண்டு. ஆனால் 'மான்டிசோரி' என்ற பெயர் எந்த நிறுவனத்துக்கும் தனிச் சொத்து அல்ல. யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம், நிறைய பேர் எழுதியும் இருக்கிறார்கள். அதனால் முறை என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான், கட்டுகிற பணத்துக்கு அதுதான் கிடைக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியும்.

அடையாறுக்கு வந்த இத்தாலி டாக்டர்

மரியா மான்டிசோரி ஒரு மருத்துவர். 1907-ல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தன் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தை ஆரம்பித்தார். அப்பா, அம்மா வேலைக்குப் போய்விட, நாள் முழுக்கச் சுற்றித் திரிந்த வாண்டுகள்தான் மாணவர்கள். இன்று பணக்காரப் பள்ளிகளின் அடையாளமாகிவிட்ட மான்டிசோரி பிறந்தது அங்கேதான்!

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 1939-ல், 69 வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பில் மகன் மரியோவுடன் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார் மான்டிசோரி. அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசுக்கு இருவரும் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மரியோவைக் காவலில் வைத்தார்கள். அம்மாவின் 70-வது பிறந்தநாளையொட்டித்தான் விடுவித்தார்கள். பிறகு சில காலம் கொடைக்கானலில் இருந்தார்கள். சில மாதங்களுக்கு என்று வந்தவர், 1946 வரை இங்கே இருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பயிற்சி பெற்றுவிட்டார்கள்.

சரி, அந்த வகுப்பில் என்னதான் நடக்கும்? 3 வயது முதல் 6 வயது வரை எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள். சின்னது பெரியதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். அலமாரியில் ஒவ்வொரு பொருளும் ஒன்றுதான் இருக்கும். வேறொரு குழந்தை எடுத்துவிட்டால் காத்திருக்க வேண்டும். பொறுமைக்குத் தனிப் பாடம் கிடையாது, அதுதான் பாடம். குவளையிலிருந்து தண்ணீர் ஊற்றுவது, பட்டன் போடுவது, உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவுவது எல்லாமே அங்கே 'வேலை'. மரக்கட்டையில் பல அளவுக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு உருளையும் அதனதன் குழியில்தான் சரியாக உட்காரும். தப்பாக வைத்தால் கடைசியில் ஒன்று மிஞ்சும். 'தப்பு' என்று டீச்சர் சொல்லவே தேவையில்லை.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். காலையில் கிட்டத்தட்ட 3 மணி நேரம் மணி அடிக்காமல், பாடம் மாற்றாமல் விடுவதுதான் ஒரிஜினல் முறை. ஆகவே, நீங்கள் பார்க்கப் போன 'மான்டிசோரி' ஸ்கூலில் 30 குழந்தைகள் ஒரே வயதில், கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்து, 40 நிமிடத்துக்கு ஒரு பீரியட் மாறினால், அலமாரியில் இருக்கும் மரச்சாமான் வெறும் ஷோகேஸ்தான்.

டாங்கியை விற்றுக் கட்டிய பள்ளி

எனக்கு இவற்றில் ரொம்பப் பிடித்த கதை ரெஜியோவுடையது. 1945, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, வடக்கு இத்தாலியில் ரெஜியோ எமிலியா நகருக்கு அருகே ஒரு கிராமத்து மக்கள், ஜெர்மன் படை விட்டுப்போன டாங்கி, லாரிகள், குதிரைகளை விற்று, அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்ட ஆரம்பித்தார்கள். கேள்விப்பட்டு சைக்கிளில் பார்க்கப் போன இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுஸ்ஸி, அங்கேயே ஒட்டிக்கொண்டார். இந்த முறை அவர் வழியாக வளர்ந்தது.

இங்கே முன்கூட்டியே எழுதிய சிலபஸ் கிடையாது. மழைத் தண்ணீர் தேங்கியதைக் குழந்தைகள் கவனித்தால், அடுத்த சில வாரம் தண்ணீர்தான் பாடம். வரைவார்கள், களிமண்ணில் செய்வார்கள், சண்டை போட்டு விவாதிப்பார்கள். டீச்சர் அதையெல்லாம் குறித்து, போட்டோ எடுத்து, சுவரில் மாட்டுவார். எனவே ரெஜியோ என்று சொல்லும் ஸ்கூலில் சுவரைப் பாருங்கள். 25 ஆப்பிளும் ஒரே சிவப்பில், கோட்டைத் தாண்டாமல் கலர் அடிக்கப்பட்டிருந்தால் அது ரெஜியோ இல்லை!

வால்டார்ஃப் முறை 1919-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில், வால்டார்ஃப் அஸ்டோரியா சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ருடால்ஃப் ஸ்டைனர் தொடங்கியது. கதை, பாட்டு, சமையல், மரம், துணி பொம்மை. டி.வி., போன் கூடாது. எழுத்து, வாசிப்பு எல்லாம் ஏறக்குறைய 7 வயதில்தான். ஸ்டைனரின் ஆன்மிகக் கருத்துகள் எல்லோருக்கும் ஒத்துவராது. இன்னொரு சிக்கல், ஒன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கு மாற்றினால் அங்கே எழுதச் சொல்லி நிற்பார்கள். கடைசி வரை அதே பள்ளியில் படிக்க வைக்கிற திட்டம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

'ப்ளே வே' என்பது தனி முறையே அல்ல, விளையாட்டு வழியாகக் கற்பது என்ற பொதுப் பெயர். நல்லதும் அதில் இருக்கும், காலையில் ரைம்ஸ் போட்டுவிட்டு டி.வி. முன் உட்காரவைப்பதும் அதில் இருக்கும்.

தெரு முனையில் இருக்கும் அங்கன்வாடி

இந்த லிஸ்ட்டில் நாம் சேர்க்கவே மறக்கும் ஒன்று அங்கன்வாடி. குஜராத்தின் பாவ்நகரில் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு 1920-ல் 'பால மந்திர்' தொடங்கிய கிஜுபாய் பதேக்காவுடன் வேலை பார்த்தவர் தாராபாய் மோடக். பின்னாளில் மகாராஷ்டிராவின் கோஸ்பாடு பகுதியில், பள்ளிக்கு வராத பழங்குடிக் குழந்தைகளைத் தேடி, பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனார். மான்டிசோரி உபகரணம் வாங்கக் காசு இல்லை, கூழாங்கல்லும் இலையும் விதையும் போதும் என்றார். 'அங்கன்' என்றால் முற்றம். 1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசு தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்தின் மையங்களுக்கு அதே பெயர் வந்தது.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று தனிப் பாடத்திட்டமே இருக்கிறது. எல்லா மையமும் ஒன்று போல இருக்காது. ஆனால் அக்கறையான ஆயா, டீச்சர் இருக்கும் ஒரு மையம், ஏ.சி. போட்ட ப்ளே ஸ்கூலைவிட உங்கள் குழந்தைக்கு நல்லதாக அமையலாம். ஒரு நாள் எட்டிப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

சீக்கிரம் எழுதினால் கெட்டிக்காரனா?

"பக்கத்து வீட்டுப் பையன் ஏ டு இசட் எழுதுறான்." இந்த ஒரு வரிதான் பல பெற்றோரைத் தூங்க விடாமல் செய்கிறது. மணிக்கட்டில் 8 குட்டி எலும்புகள் இருக்க வேண்டும். 3 வயதில் அதில் பாதிகூட முழுதாக உருவாகியிருக்காது. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நாலு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைக்கிறோம். மாவு பிசைய, மணி கோக்க, பேப்பர் கிழிக்க விடுங்கள். விரலுக்குப் பலம் வந்தால் எழுத்து தானாக வரும்.

அமெரிக்காவில் இரண்டு ஆய்வுகள் உண்டு. மிச்சிகனில் 1960-களில் 123 ஏழைக் குழந்தைகளை வைத்துத் தொடங்கிய பெர்ரி ஆய்வில், முன்பள்ளி போனவர்கள் 40 வயதில்கூட வேலை, வருமானத்தில் மற்றவர்களைவிட மேலாக இருந்தார்கள். அங்கே குழந்தைகளே 'இன்று என்ன செய்யலாம்' என்று திட்டமிட்டு, செய்து, பிறகு அதைப் பற்றிப் பேசுவார்கள். 2022-ல் வெளியான டென்னசி ஆய்வு இதற்கு நேர் எதிர். சுமார் 3,000 குழந்தைகளில், அரசு முன்பள்ளிக்குப் போனவர்கள் ஆறாம் வகுப்பில் போகாதவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். மொத்த வகுப்பையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தியது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களில் ஒருவரே சந்தேகித்தார். ஆக, எத்தனை சீக்கிரம் சேர்க்கிறீர்கள் என்பதைவிட, அங்கே போய்க் குழந்தை என்ன செய்கிறது என்பதுதான் கணக்கு.

போய்ப் பார்க்கும்போது...

அட்மிஷன் கவுன்ட்டரில் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். வகுப்பு நடக்கும் நேரத்தில் அரை மணி நேரம் ஓரமாக நின்று பார்க்கலாமா என்று கேளுங்கள். அழும் குழந்தையிடம் டீச்சர் குனிந்து பேசுகிறாரா, தூரத்திலிருந்து அதட்டுகிறாரா? பேச்சு யாருடையது அதிகம், குழந்தையுடையதா, டீச்சருடையதா? டாய்லெட்டைப் பாருங்கள், தண்ணீர் வருகிறதா, குழந்தை உயரத்துக்கு இருக்கிறதா என்று. தனியார் ப்ளே ஸ்கூல்களுக்கான தேசியக் குழந்தைகள் உரிமை ஆணைய வழிகாட்டுதல்படி, 20 குழந்தைக்கு ஒரு டீச்சரும் ஒரு உதவியாளரும் இருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள், தப்பே இல்லை. டீச்சர்கள் வருடா வருடம் மாறுகிறார்களா என்றும் கேளுங்கள். அம்மாவை விட்டுப் பிரிந்து வருகிற குழந்தைக்கு அந்த ஒரு முகம்தான் ஸ்கூல்.

அட்மிஷனுக்கு மூன்று வயதுக் குழந்தையை 'இன்டர்வியூ' செய்கிறோம் என்றாலோ, மாதத் தேர்வு, ரேங்க் கார்டு உண்டு என்று பெருமையாகச் சொன்னாலோ, கொஞ்சம் யோசியுங்கள். முன்பள்ளியில் வாய்மொழியாகவோ எழுத்தாகவோ எந்தத் தேர்வும் கூடாது என்பதுதான் என்.சி.இ.ஆர்.டி.யின் வழிகாட்டுதல்.

வீட்டுக்குப் பக்கத்தில் சுமாரான ஸ்கூல், ஒரு மணி நேர வேன் பயணத்தில் சூப்பரான ஸ்கூல் என்று இரண்டு இருந்தால், 5 வயது வரைக்கும் பக்கத்து ஸ்கூலுக்கே என் ஓட்டு. எதுவானாலும் முழு வருட ஃபீஸையும் மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள். முதல் டேர்முக்கு மட்டும் கட்டுங்கள். பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.