துருத்தி ஊதிய கரம்

ஆவடி என்றதும் நினைவுக்கு வருவது டாங்கி. 1961-இல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965-இல் முதல் ‘விஜயந்தா’ உருண்டு வந்தது. அந்த வட்டாரத்துப் பள்ளியொன்றில் பாளையக்காரர் போரைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: “ஐயா! அவர்களுடைய துப்பாக்கி பழுதுபட்டால், சரிசெய்தவர் யார்?”

பாடநூலைப் புரட்டினேன். மன்னர் பெயர் இருக்கிறது. தளபதி பெயர் இருக்கிறது. தூக்கிலிட்ட கயத்தாறும் திருப்பத்தூரும் இருக்கின்றன. துருத்தி ஊதியவன் பெயர் மட்டும் இல்லை!

கும்பினிச் சிப்பாய் ஏந்தியது தீக்கல் துப்பாக்கி. குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். குதிரையின் வாயிலே கவ்விய கல், எஃகுத் தகட்டிலே பாய்ந்து மோதும். உராய்வில் சீவப்பட்ட எஃகுத் துகள், காற்றிலே எரிந்து பொறியாகும். பொறி கிண்ணத்து மருந்தில் விழும். நெருப்பு பற்றுவாய் என்னும் சிறு துளைவழி குழலுக்குள் பாயும். மந்திரமில்லை, மாயமில்லை, அத்தனையும் விஞ்ஞானம்!

கல் மழுங்கினால் பொறி குன்றும். விளிம்பைச் செதுக்க வேண்டும். கரி அடைத்தால் துளையைக் குத்தித் துலக்க வேண்டும். தகடு மென்மையானால், எலும்புக் கரியோடு மூடிப் பழுக்கக் காய்ச்சி, நீரிலே தோய்த்து மேற்பரப்பைக் கடினமாக்க வேண்டும். வில் தளர்ந்தால் புதுவில் அடித்துத் தோய்த்து, நீலநிறம் படரும் வரை மீண்டும் சூடேற்ற வேண்டும். நிறம் சற்றுத் தவறினால் வில் ஒடியும், அல்லது வளைந்தே கிடக்கும். வெப்பமானி ஏது? கொல்லனின் கண்தான் வெப்பமானி! கல்லூரி காணாத அந்தக் கண்ணுக்குத் தெரிந்ததைக் கல்வி அல்ல என்று சொல்ல யாருக்குத் துணிவு உண்டு?

1801-இல் ஊமைத்துரையின் படை மீண்டும் எழுந்தது. ஈட்டியும் வளரியும் திரித்துப்பாக்கியும் ஏந்தியோர், கும்பினியின் துப்பாக்கிகளையும் கைப்பற்றினர். கைப்பற்றினால் போதுமா? காக்கத் தெரிய வேண்டாமா? சீமையிலிருந்து ஆள் வருவானா? உள்ளூர் உலைக்களம்தான் கைகொடுத்தாக வேண்டும்.

ஆங்கிலேயன் அதை அறிந்தான். போர் ஓய்ந்ததும், 1801 டிசம்பர் 1 அன்று, சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஆயுதங்களை ஒழிக்கும் பிரகடனம் வெளியிட்டான். 1878-இல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்நாட்டானுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியனுக்கு விலக்கு! தோட்டாவைப் பறித்தது மட்டுமல்ல, தொழிலையும் முடக்கிற்று அந்தச் சட்டம். ஆயுதம் செய்யவும் அவனிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று.

விடுதலைக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டம், துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும் என்கிறது. அதில் நிறபேதம் இல்லை. கொலைக்கருவி கட்டுக்குள் இருப்பதே நாட்டுக்கு நலம். நாம் கேட்பது துப்பாக்கியை அல்ல, தோழர்களே! அதைத் திருத்திய கரத்துக்கு உரிய மதிப்பை!

வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியோடு நெடுங்காலம் வாழ்ந்தவர் நரிக்குறவர். ஊர் அவர்களுக்குத் தந்தது என்ன? ஏளனம்! 1972-இல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையைக் கட்டுப்படுத்தியது. வனவுயிர் வாழட்டும், வேண்டியதுதான். ஆனால், வேட்டையை விட்டவன் வாழ வழி? ஊசியும் பாசிமணியும் ஏந்தித் தெருத்தெருவாய் அலைந்தான்.

டாங்கி உருளும் ஆவடியிலும் நரிக்குறவர் குடியிருப்பு உண்டு. 2022 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அங்கே ஒரு மாணவியின் வீட்டில் அமர்ந்து உணவுண்டார். அதே ஆண்டு டிசம்பரில், அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. குடியரசாகி எழுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர்!

அந்த மாணவனுக்கு நான் தந்த விடை இதுதான்: “தம்பி! பெயர் எழுதப்படாதவர்கள் பழுதுபார்த்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை உன் பக்கத்து இருக்கையில் வந்து அமர்ந்தால், சற்றும் விலகி அமராதே. பெஞ்சில் இடம் கிடைத்தால்தான், நாளைய ஏட்டிலே அவன் பெயருக்கும் இடம் கிடைக்கும்!”