மறைந்தவர் கையும் இருப்பவர் கையும்



ஆசிரியர் பயிற்சிக் கழகத்தை விட்டு வெளிவந்த நான் முதன்முதலில் பணியேற்றது ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில். எல்லாரிலும் இளையவன் என்பதால், பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சங்கத்தின் கணக்குப் பெட்டியில் பழைய வங்கிப் புத்தகம் ஒன்று கிடந்தது. அத்தோட்டத்தில் கிராணியாராக இருந்து மறைந்த பெரியவர் ஒருவர் பள்ளிக்கு விட்டுச் சென்ற பணம் அது. அதன் வட்டியை ஆண்டுதோறும் "இத்தோட்டத்தில் பால்மரம் வெட்டுவோரின் பிள்ளைகளுக்கு" மட்டுமே பரிசாக வழங்க வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்தார்.

நல்ல மனம், நல்ல நோக்கம். ஆனால், நான் போய்ச் சேர்ந்தபோது அத்தோட்டத்தில் ஒரு பால்மரமும் இல்லை. பார்த்த இடமெல்லாம் செம்பனை. லயத்து மக்களில் பெரும்பாலோர் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். அவர்தம் பிள்ளைகள் அங்கிருந்து பேருந்தில் பள்ளிக்கு வந்தனர். பேருந்துக் கட்டணம் கட்ட இயலாமல் வாரத்தில் இரண்டு நாள் வராமற்போன பிள்ளைகள் என் வகுப்பிலேயே நால்வர். பணமோ வங்கியில் உறங்கிக் கொண்டிருந்தது.

கூட்டத்தில் இதை எடுத்துரைத்தேன். தலைவராக இருந்த பெரியவர் அமைதியாகச் சொன்னார்: "எழுதி வைத்தவர் கண்ணை மூடிவிட்டார், சார். அவர் சொல்லை மாற்ற நாம் யார்?" எனக்கு விடை தெரியவில்லை.

இதே கேள்விக்கு ஒரு வங்கியாளர் நூறாண்டுகளுக்கு முன்னரே விடை தேடியிருக்கிறார் என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். அவ்வரலாற்றை உங்களோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

இறந்தவரின் கை

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம், ஒரு காலத்தில் மேற்கு நோக்கிக் குடியேறச் சென்றோர் கூடும் வாயிலாக விளங்கியது. அந்நகரின் மேயராக இருந்த பிரையன் முல்லான்ஃபி 1851-இல் மறைந்தார். தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை, மேற்கே குடியேறுவதற்காக அவ்வூர் வழியே வரும் ஏழைப் பயணிகளின் துயர் துடைக்க அவர் எழுதி வைத்திருந்தார். பின்னர் இருப்புப்பாதை வந்தது. வண்டி கட்டிக்கொண்டு மேற்கே சென்றோர் கூட்டம் குறைந்து மறைந்தது. நிதி மட்டும் தன் நிபந்தனையோடு நின்றது. அதே ஊரில் வேறு துன்பங்கள் இல்லாமலா இருந்திருக்கும்? இவ்வாறு, மறைந்தவரின் விருப்பம் வாழ்வோரின் தேவையைத் தடுத்து நிற்பதைச் சட்டம் அறிந்தோர் "இறந்தவரின் கை" என்பர்.

கோஃப் கண்ட வழி

ஓஹையோ மாநிலத்தின் க்ளீவ்லாந்து, 1910-இல் அமெரிக்காவின் ஆறாவது பெரிய நகரம். எஃகு ஆலைகளை நாடி ஐரோப்பாவிலிருந்து குடியேறியோர் அங்கே நிறைந்திருந்தனர். வழக்கறிஞராக இருந்த ஃபிரெடரிக் ஹாரிஸ் கோஃப் 1908-இல் க்ளீவ்லாந்து டிரஸ்ட் வங்கியின் தலைவரானார். உயில்களோடு பழகியவர் ஆதலின், இறந்தவரின் கை எத்துணை வலியது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

அவர் முயற்சியால் 1914 ஜனவரி 2-ஆம் நாள் அவ்வங்கியின் இயக்குநர் அவை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. க்ளீவ்லாந்து அறநிதி பிறந்தது. ஓர் ஊருக்கென்று, அவ்வூரார் பலர் சேர்ந்து வளர்க்கும் நிலையான அறநிதிகளுள் அதுவே முதலாவது. செல்வர் ஒவ்வொருவரும் தனித்தனியே அறக்கட்டளை தொடங்க வேண்டியதில்லை. பெரிய தொகையாயினும் சிறிய தொகையாயினும் இப்பொது நிதியில் சேர்க்கலாம். முதலை வங்கி காக்கும். வருவாயை எந்தப் பணிக்கு வழங்குவது என்பதை ஐவர் கொண்ட குழு முடிவு செய்யும். கொடுத்தவர் விதித்த நோக்கம் காலப்போக்கில் பொருளற்றுப் போனால், அதை மாற்றவும் வழி வைத்தனர்.

அக்குழு அமைந்த முறை கருதத்தக்கது. ஐவருள் இருவரை வங்கி நியமிக்கும். ஒருவரை மேயரும், மற்ற இருவரை நீதிபதிகள் இருவரும் நியமிப்பர். அனைவரும் அவ்வூரில் வாழ்வோராக இருத்தல் வேண்டும். ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கலாம். ஒரே சமயப் பிரிவினர் இருவருக்கு மேல் கூடாது. அரசியல் பதவி வகிப்போருக்கும் அதை நாடுவோருக்கும் இடமில்லை.

பணத்துக்கு முன் கேள்வி

என்னை வியக்க வைத்தது இதற்கடுத்த செய்தி. உயில் எழுதியோர் உயிரோடிருக்கும்வரை நிதிக்குப் பெரும்பணம் வராது. கோஃப் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஊருக்கு என்ன தேவை என்பதை முதலில் அறிய முற்பட்டார். ஏழைகளுக்கு உதவும் அமைப்புகளைப் பற்றிய ஆய்வு முதலில் நடந்தது. 1915-இல் தொடங்கியது கல்வி ஆய்வு. ரஸ்ஸல் சேஜ் அறநிறுவனத்தைச் சேர்ந்த லெனார்ட் ஏர்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். வயதுக்கேற்ற வகுப்பில் இல்லாமல் பின்தங்கும் பிள்ளைகளைப் பற்றி 1909-இலேயே நூல் எழுதியவர் அவர்.

அவ்வாய்வு 25 தொகுதிகளாக வெளிவந்தது. அவற்றுள் ஒன்று, குடியேறியோரின் பிள்ளைகளும் பள்ளியும் என்ற பொருள் பற்றியது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று தவிக்கும் பிள்ளைகளை நாம் அறிவோம் அல்லவா? 1917-இல் அந்நகரப் பள்ளிகளுக்குப் புதிய கண்காணிப்பாளராக ஃபிராங்க் ஸ்பால்டிங் வந்தார், சீர்திருத்தங்கள் தொடர்ந்தன. 1921-இல் நகரின் குற்றவியல் நீதிமன்றங்களும் அவ்வாறே ஆராயப்பட்டன.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐவரில் இருவர் வங்கியின் ஆட்கள். உதவி பெறும் ஏழைக்கென்று அக்குழுவில் ஓர் இடமும் ஒதுக்கப்படவில்லை. கொடுப்போரும் கற்றோரும் கூடிப் பெறுவோரின் தேவையை முடிவு செய்தனர். எனினும், முடிவு செய்யும் உரிமை கல்லறையிலிருந்து உயிருள்ளோர் கைக்கு வந்தது பெரிய மாற்றமே. 1915-இல் சிகாகோவும் பாஸ்டனும் இவ்வழியைப் பின்பற்றின. இன்று இத்தகைய ஊர் நிதிகள் உலகெங்கும் உள்ளன.

நம் பள்ளிகளுக்கு

இப்போது நான் பணியாற்றும் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் ஒரு நிதி தொடங்க முன்வந்துள்ளனர். மகிழ்ச்சிக்குரியது. அவர்கள் கொண்டு வந்த வரைவில், ஆறாம் ஆண்டில் முதல் நிலை பெறும் மாணவருக்குப் பரிசு என்ற ஒன்றே நோக்கமாக இருந்தது. கடந்த மாதக் கூட்டத்தில் நான் இதை மட்டும் நினைவூட்டினேன்: யூ.பி.எஸ்.ஆர். தேர்வை நம்பி நாம் எத்தனை திட்டங்கள் வகுத்தோம்! 2021-இல் அத்தேர்வே நீக்கப்பட்டுவிட்டதே!

பிறகு நான்கு வேண்டுகோள்களை வைத்தேன். நோக்கத்தை அகலமாக எழுதுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதை மறுபார்வை செய்யுங்கள். குழுவில் வசதி குறைந்த பெற்றோர் இருவருக்கு இடம் கொடுங்கள். முதலாண்டில் பரிசு வழங்குவதற்கு முன், எந்தப் பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று வீடு வீடாகச் சென்று கேட்டறியுங்கள்.

"கொடுக்க வந்தோம், ஐயா, கணக்கெடுக்க வரவில்லை" என்றார் ஒருவர். அவர் வருத்தமும் எனக்குப் புரிகிறது. முடிவு அடுத்த கூட்டத்திற்குத் தள்ளி வைக்கப்பட்டுள்ளது.

அந்தத் தோட்டப் பள்ளியிலிருந்து நான் மாற்றலாகி வந்த நாளிலும் அவ்வங்கிப் புத்தகம் பெட்டியிலேயேதான் இருந்தது. என் வகுப்பின் அந்நால்வரில் ஒருவன் இடைநிலைப்பள்ளிக்குப் போகவேயில்லை. கிராணியார் உயிரோடிருந்திருந்தால், அவனுக்குப் பேருந்துக் கட்டணம் கொடுக்க மறுத்திருப்பாரா? அன்று தலைவரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் கேட்பேன்.