வசையாய்த் திரிந்த ஆங்கிலச் சொற்கள்

புகழ்ச்சிக்கு மறுதலை இகழ்ச்சி. ஒரு நாட்டார் யாரைப் போற்றினர் என்பதை அவர்தம் காவியங்கள் கூறும். யாரைத் தாழ்த்தினர் என்பதையோ அவர்தம் வசைச்சொற்களே கூறும். இவ்வுண்மைக்கு ஆங்கில மொழி தக்க சான்றாகும்.

நாடகத்திலும் திரைப்படத்திலும் வரும் தீயோனை 'வில்லன்' என்று நாமும் வழங்குகின்றோம். ஆனால் இச்சொல்லின் பழம்பொருள் தீயோன் என்பதன்று. இலத்தீனில் 'வில்லா' என்பது நாட்டுப்புறப் பண்ணையைக் குறிக்கும். அப்பண்ணையைச் சார்ந்து வாழ்ந்த உழவன் 'வில்லானுஸ்' எனப்பட்டான். 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றனர். வென்றோர் மொழி பிரெஞ்சு. தோற்றோர் மொழி ஆங்கிலம். 1086இல் முதலாம் வில்லியம் மன்னன் எடுப்பித்த 'டூம்ஸ்டே' பதிவேட்டிற் கணக்கிடப்பட்டோருள் ஏறக்குறைய ஐந்தில் இரு பங்கினர் இவ்வகை உழவரே. பிரபுவின் நிலத்தோடு பிணிக்கப்பட்டு, அவன் வயலிற் கூலியின்றி உழைத்தல் இவர் கடனாயிற்று. இவர்தம் பெயரே நாகரிகமற்றவன் என்றும், பின்னர்க் கயவன் என்றும் பொருள்படலாயிற்று. உழவன் யாதொரு குற்றமும் செய்திலன். அவனுக்குப் பெயரிடும் அதிகாரம் பிறர் கையில் இருந்தது.

இவ்வாறு தாழ்ந்த சொற்கள் இன்னும் பல. 'சேர்ல்' என்பது முற்காலத்தில் அடிமையல்லாத எளிய குடியானவனைச் சுட்டியது. பின்னர் முரடனைச் சுட்டியது. 'நேவ்' முதலிற் சிறுவன், அடுத்து ஏவலாளன், ஈற்றில் வஞ்சகன். 'பூர்' என்னும் உழவனும் பண்பற்றவன் ஆயினான். மாறாக, உயர்குடிப் பிறப்பைக் குறித்த 'நோபிள்', 'ஜென்டில்' என்பன பெருந்தன்மைக்கும் மென்மைக்கும் பெயராயின. குணங்களைக்கூடக் குலத்தை நோக்கியே பங்கிட்டனர் போலும்!

மொழிநூலார் இதனை இழிபொருட்பேறு என்பர். தமிழிலும் 'நாற்றம்' என்பது முன்பு நறுமணத்தையும் குறித்து, பின்பு தீநாற்றத்திற்கே உரியதாயிற்று. ஆயினும் அதனால் எவர் மனமும் புண்பட்டதில்லை. மக்களைக் குறிக்கும் பெயர் இழியுமிடத்து, அம்மக்களும் உடன் இழிக்கப்படுகின்றனர்.

வசையை ஏற்று அதனை வென்றோரும் உளர். 1679 முதல் 1681 வரை, கத்தோலிக்கரான யோர்க் கோமகன் ஜேம்ஸ் அரசுரிமை பெறலாமா என்பது பற்றி இங்கிலாந்திற் பெரும் பூசல் விளைந்தது. அப்பொழுது ஒரு சாரார் எதிரிகளை அயர்லாந்துக் கொள்ளையரின் பெயரால் 'டோரி' என்றனர். மறுசாரார் ஸ்கொத்லாந்துக் கலகக்காரரின் பெயரால் 'விக்' என்றனர். அவ்வசைகளே இரு பெருங் கட்சிகளின் பெயர்களாக நிலைத்தன. ஒக்ஸ்போர்ட் மாணவர் சிலர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஒழுங்குமுறை தவறாது வழிபட்ட வெஸ்லி சகோதரரின் குழுவினரை 'மெதடிஸ்ட்' என்று எள்ளினர். அப்பெயரையே தமதாக்கிக்கொண்ட சபையார் 1814இல் இலங்கைக்கும் வந்து, கல்விப்பணி புரிந்தனர். கற்றோரும் ஆற்றலுடையோரும் வசையை அணியாக்கிக் கொள்ளலாம். ஏட்டிலும் அவையிலும் இடம்பெறாத உழவனுக்கு அது இயன்றிலது.

இனி நம்மை நோக்குவோம். ஆங்கிலத்தில் யாவராலும் விலக்கப்பட்டவனை 'பரையா' என்பர். உலக நாடுகளால் ஒதுக்கப்பட்ட அரசுக்கும் இச்சொல்லையே பத்திரிகைகள் வழங்குகின்றன. இது தமிழ்ச் சொல். பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புடைய ஒரு சமூகத்தாரின் பெயர், 17ஆம் நூற்றாண்டிலே ஆங்கிலம் புகுந்து, பின்னர் ஒதுக்கப்பட்டோர் அனைவர்க்கும் பொதுப்பெயராயிற்று. சொல்லைப் பரப்பியவர் ஆங்கிலேயர். ஆனால் ஒதுக்குதலை அவர்க்குக் காட்டியவர் யாம். இதனை மறைத்து ஆங்கிலேயரை மட்டும் பழித்தல் நேர்மையாகாது.

சாதி காரணமாகப் பொதுவிடங்களில் ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957இல் நிறைவேறியது. சட்டம் வாயிற்கதவைத் திறக்கவல்லது. நாவைத் திருத்துதல் கல்வியின் கடன். மாணவன் ஒருவன் மற்றொருவனை வையுமிடத்து, அச்சொல் செயலைச் சுட்டுகின்றதா, பிறப்பைச் சுட்டுகின்றதா என ஆராய்தல் வேண்டும். செயலைக் கடிதல் அறத்தின்பாற்படும். பிறப்பைக் கடிதலோ, குற்றமற்ற உழவனைக் கயவனாக்கிய அப்பழைய பிரபுக்களின் செயலேயாம்.